பிக்கப்பின் பின்பக்கத்துக்கு எது: கனமான லீஃப் ஸ்பிரிங்கா, ஏர் பேக்கா?

டிரெய்லரின் எடையில் பொதுவாக 10 முதல் 15 சதவீதம் பிக்கப்பின் கொக்கியில் இறங்குவதால், பின்பக்கம் தாழ்ந்து முன்சக்கரங்களின் பிடிப்பு குறைகிறது. எஃகுப் பட்டைகளை அடுக்கிச் செய்த வில்லான லீஃப் ஸ்பிரிங், கனமானதாக இருந்தால் இதைத் தாங்கும். ஆனால் சுமையில்லாமல் கரடுமுரடான பாதையில் செல்லும்போது பட்டைகள் எளிதில் வளையாததால், பின்சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளும். இருக்கும் ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பொருத்தும், காற்றடைத்த ரப்பர் பையான ஏர் பேக்கில் சுமைக்கேற்பக் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடியும் என்பது பெரிய வசதி. எனினும், இரு முனைகளும் இறுகப் பிணைக்கப்பட்ட பை, பள்ளத்தில் சக்கரம் முழுவதும் கீழிறங்கும்போது இழுபட்டுக் கிழியக்கூடும் என்பதால், கீழ்முனை விலகி மீண்டும் அமரும் தாங்கி கொண்ட வகையே காட்டுப்பாதைக்கு ஏற்றது. எப்போதாவது டிரெய்லர் இழுப்பவருக்கு நான் அத்தகைய ஏர் பேக்கையே பரிந்துரைப்பேன். அன்றாடம் சுமையோடு ஓடும் வண்டிக்கு லீஃப் ஸ்பிரிங்கே நம்பகமானது. எதைப் பொருத்தினாலும் தயாரிப்பாளர் வகுத்த சுமை வரம்பு உயராது.