பால் காபியா, கடுங்காப்பியா? எதற்கு எந்தக் கொட்டை, எந்த ஃபில்டர்

காபித்தூள் அரைக்கும் கடையில் முதலில் வரும் கேள்வி, “சிக்கரி எவ்வளவு போடட்டும்?” என்பதுதான். அதற்கும் முன்னால் நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இதில் பால் ஊற்றப் போகிறோமா, இல்லையா? எந்தக் கொட்டை, எவ்வளவு சிக்கரி, எந்தப் பாத்திரம் என்பதெல்லாம் அந்தப் பதிலைப் பொறுத்தது. கடுங்காப்பிக்கு அருமையாக இருக்கும் தூள், பால் பட்டதும் இருக்கும் இடம் தெரியாமல் போய்விடும். பாலோடு கம்பீரமாக நிற்கும் தூளை வெறும் நீரில் இறக்கிக் குடித்தால் நாக்கு வறண்டுவிடும்.

அராபிகாவும் ரோபஸ்டாவும்

காபியில் முக்கியமான இரண்டு வகைகள் இவை. அராபிகாவின் தாய்வீடு எத்தியோப்பிய மலைகள். குளிரும் நிழலும் வேண்டும் அதற்கு. நம் பக்கத்தில் 1000 முதல் 1500 மீட்டர் உயரத்தில் நன்றாக வருகிறது: ஏற்காடு, பழனி மலைச் சரிவில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, சிக்மகளூர் பக்கம் பாபா புடன் மலை. ரோபஸ்டா மத்திய ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. 500 முதல் 1000 மீட்டரே போதும். வயநாட்டில் பெரும்பாலும் இதுதான்.

ரோபஸ்டாவைவிட அராபிகா விலை கூடுதலாக இருப்பதற்குக் காரணம் ருசி மட்டுமல்ல, செடியின் உடல்வாகும்தான். 1869இல் இலங்கையில் தலைகாட்டிய இலைத்துரு நோய் அங்கிருந்த அராபிகாத் தோட்டங்களை அழித்து, மலையெல்லாம் தேயிலைக்கு மாற வைத்தது. ரோபஸ்டா அந்த நோயைப் பெரும்பாலும் தாங்கி நிற்கிறது. அராபிகாவுக்குத் தண்டுத் துளைப்பான் வண்டு இன்னொரு எமன். வெயில் படும் தண்டில்தான் அது அதிகம் முட்டையிடும் என்பதால் நிழல் மரங்களைக் கண்ணும் கருத்துமாகப் பராமரிக்க வேண்டும்.

கோப்பைக்குள் என்ன நடக்கிறது? அராபிகாவில் காஃபீன் சுமார் 1.2 சதவீதம், ரோபஸ்டாவில் 2.2 சதவீதம். அராபிகாவில் சர்க்கரையும் எண்ணெயும் அதிகம், பழப் புளிப்பும் மணமும் அதிலிருந்துதான். ரோபஸ்டாவில் கசப்பும் துவர்ப்பும் கனமும். பாலின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. கொழுப்பும் இனிப்பும் மென்மையான புளிப்பை அமுக்கிவிடுகின்றன. அதனால், ‘ரோபஸ்டா என்றாலே மட்டம்’ என்ற பேச்சு பால் காபிக்குப் பொருந்தாது. பாலுக்கு அராபிகா 70, ரோபஸ்டா 30 என்ற கலவைதான் எங்கள் சிபாரிசு. கடுங்காப்பிக்கு முழுக்க அராபிகா, அதுவும் சற்று இளவறுவல்.

ரோபஸ்டா வாங்கும்போது ‘பார்ச்மென்ட்’ என்று கேட்டு வாங்குங்கள். பழத்தோலை நீக்கிக் கழுவி உலர்த்தியது அது. ‘செர்ரி’ என்பது பழத்தோடு அப்படியே காய வைத்தது. அதில் மண்வாசனை தூக்கலாக இருக்கும். ‘பிளாண்டேஷன்’ என்ற பெயரும் பலரைக் குழப்புகிறது. அது எந்தத் தோட்டத்தையும் குறிப்பதில்லை, கழுவி உலர்த்திய அராபிகாவுக்கு வியாபாரப் பெயர். அதோடு வரும் ஏ, பி, சி எல்லாம் கொட்டையின் அளவு. பீபெரியோ, பழத்துக்குள் இரண்டு தட்டைக் கொட்டைக்குப் பதிலாக ஒரே உருண்டையாக விளைந்தது. வறுக்கும்போது உருண்டு உருண்டு சீராக வறுபடும். அந்த அனுகூலத்துக்கு மேல் பால் காபியில் அதன் பெருமை தெரிவதில்லை. கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை.

சிக்கரி எவ்வளவு?

சிக்கரி ஒரு செடியின் வேர். காய வைத்து, வறுத்து, பொடிக்கிறார்கள். அதில் காஃபீன் கிடையாது. காபித்தூளில் நீரில் கரைவது மூன்றில் ஒரு பங்குக்குள்தான். சிக்கரியில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். டிகாக்‌ஷன் கன்னங்கரேலென்று இறங்குவதற்கு இது ஒரு காரணம். நிறத்தைப் பார்த்து ‘ஸ்ட்ராங்’ என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம்.

பால் காபிக்கு 15 முதல் 20 சதவீதம் போதும். டிகாக்‌ஷனுக்கு உடம்பு கொடுக்கும், தண்ணீர் சற்று நிதானமாக இறங்கவும் உதவும். 30ஐத் தாண்டினால் காய்ச்சிய வெல்லம் அடிப்பிடித்த வாசனை மேலே வந்துவிடும். கடுங்காப்பிக்கு ஒரு சிட்டிகையும் வேண்டாம். கலவைத் தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, விகிதத்தைப் பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். உதிரியாக வாங்கிய தூளில் சந்தேகம் வந்தால், கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த நீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகை தூவுங்கள். காபி மிதந்துகொண்டே இருக்கும். சிக்கரி சில நொடிகளில் மூழ்கத் தொடங்கி, பின்னாலேயே பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டு போகும்.

நம் ஃபில்டர்

பால் காபிக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. காரணம் பழக்கமோ பாசமோ அல்ல, கணக்கு. மூன்று பேருக்கு 30 கிராம் தூள் (குவித்து எடுத்தால் நான்கு மேசைக்கரண்டி), 150 மி.லி. நீர். தூள் தன் எடையைப் போல இரண்டு மடங்கு நீரைக் குடித்துவிட்டு விடாது. ஆக 60 மி.லி. அதனுள்ளேயே தங்கிவிட, கீழே இறங்குவது 90 மி.லி. ஆளுக்கு 30 மி.லி. டிகாக்‌ஷன், 100 மி.லி. பால்.

மேல் அடுக்கு ஈரமில்லாமல் இருக்க வேண்டும். தூளைப் போட்டு, பக்கத்தில் இரண்டு தட்டு தட்டிச் சமன் செய்து, குடையை (காம்பு வைத்த ஓட்டைத் தட்டு) வைத்து லேசாக அழுத்துங்கள். கொதித்து இறக்கி அரை நிமிடம் ஆன நீரில் முதலில் 40 மி.லி. மட்டும் வட்டமாக ஊற்றி, இன்னொரு அரை நிமிடம் பொறுங்கள். தூள் பொங்கி நுரைக்கும். வறுத்த கொட்டைக்குள் அடைந்திருந்த கரியமில வாயு வெளியேறுவதுதான் அது. நுரையே வரவில்லை என்றால் தூள் பழசு. பிறகு மீதி 110 மி.லி. ஊற்றி மூடிவிடுங்கள். 20 முதல் 30 நிமிடத்தில் இறங்கிவிடும். கொடைக்கானலில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும் என்பதால் அங்கே ஆற வைக்கத் தேவையில்லை.

இறங்காமல் அடம்பிடித்தால் நான்கு இடங்களில் பாருங்கள். தூள் மாவு போல அரைபட்டிருக்கலாம். குடையை அழுத்தமாகக் குத்தியிருக்கலாம். ஓட்டைகளில் பழைய எண்ணெய்ப் பிசுக்கு அடைத்திருக்கலாம். நான்காவது பலருக்குத் தோன்றுவதில்லை: மேல் அடுக்கு கீழ் அடுக்கில் இறுக்கமாகப் பொருந்தி, உள்ளே இருக்கும் காற்று வெளியேற வழியில்லாமல் நின்றுவிடும். மேல் அடுக்கைக் கொஞ்சம் தூக்கி, திருப்பி வையுங்கள். சொட்டத் தொடங்கிவிடும். கரண்டியை விட்டுக் கிளறினால் நைசான தூள் ஓட்டைக்குள் போய் இருக்கிற வழியும் அடைபடும். ஐந்தே நிமிடத்தில் எல்லாம் இறங்கிவிட்டால் அதற்கு நேர்மாறான கோளாறு: அரவை கரகரப்பு, அல்லது தூள் போதவில்லை.

மாதம் ஒருமுறை எவர்சில்வர் மேல் அடுக்கை வெறுமையாக அடுப்பில் காட்டினால் பிசுக்கு கருகி உதிரும். ஆறியதும் பிரஷ்ஷால் தேய்த்து, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டைகளைப் பாருங்கள். டிகாக்‌ஷனை மட்டும் ஒருபோதும் அடுப்பில் வைக்காதீர்கள், மணம் முழுக்க ஆவியாகிவிடும். ஆறியிருந்தால் கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்தால் போதும். மீதிச் சூட்டைப் பால் கொடுத்துவிடும்.

மோக்கா பாட்

1933இல் இத்தாலியில் பியாலெத்தி என்பவர் கொண்டுவந்த பாத்திரம். கீழே கொதிக்கும் நீரின் ஆவி அழுத்தி, தூள் வழியே நீரை மேலே ஏற்றுகிறது. அழுத்தம் ஒன்று, ஒன்றரை பார்தான். எஸ்பிரெஸோ இயந்திரத்தில் 9 பார். ஆகவே மோக்காவில் வருவதை எஸ்பிரெஸோ என்று சொல்வது சரியல்ல.

மூன்று கப் அளவுள்ளதில் ஏறக்குறைய 15 கிராம் தூள், 150 மி.லி. நீர். மேலே வருவது 110 மி.லி. சொச்சம். நம் ஃபில்டரில் 90 மி.லி.க்கு 30 கிராம் தூளின் சாரம், இதில் 110க்கு 15 கிராமின் சாரம். பாதிக்கும் கீழே. அதனால் மோக்காவில் பால் காபி போட்டால் பாலும் டிகாக்‌ஷனும் சரிபாதியாக இருக்கட்டும். இதன் பலம் நேரம்: ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

கீழ்ப்பாத்திரத்தில் வெந்நீரையே, பாதுகாப்பு வால்வுக்குக் கீழே நிற்கும்படி ஊற்றுங்கள். தூளை நிரப்பி வழித்துவிடுங்கள், அழுத்த வேண்டாம். சிம்மில் வைத்து, ‘களகள’ சத்தம் தொடங்கியவுடன் இறக்குங்கள். அதற்குப் பிறகு வருவது கருகிய கசப்பு மட்டுமே. சிக்கரி கலந்த ஃபில்டர் தூளை இதில் போடக் கூடாது. சிக்கரி ஊறிக் குழைந்து வழியை அடைத்தால் ஆவியின் முழு அழுத்தமும் வால்வின் தலையில் விழும்.

ஃபிரெஞ்ச் பிரஸும் காகித ஃபில்டரும்

இவை கடுங்காப்பிக்காரர்களுக்கு. ஃபிரெஞ்ச் பிரஸ் என்பது தூளை நீரில் ஊற வைத்து, உலோக வலையால் கீழே அழுத்தும் ஜாடி. ஃபிரெஞ்ச் பிரஸ்ஸில் 30 கிராம் கரகரப்பான தூளுக்கு 500 மி.லி. நீர், நான்கு நிமிடம், மெதுவாக ஓர் அழுத்து. அழுத்தும்போது கை கனத்தால் அரவை நைசு என்று அர்த்தம். காகிதத்தில் 15 கிராமுக்கு 250 மி.லி., மூன்று நிமிடம். உலோக வலை எண்ணெயை விட்டுவிடும், காகிதம் பிடித்துவைத்துக்கொள்ளும். ஒன்று கனம், மற்றது தெளிவு. ஏற்காட்டுக் காபியின் புளிப்பை அறிந்துகொள்ள வேண்டுமானால் காகிதம்தான் வழி. இரண்டிலும் பால் ஊற்றாதீர்கள், தண்ணீர்ப் பாலாகிவிடும்.

பித்தளையா, எவர்சில்வரா?

பித்தளை சூட்டை விரைவாக வாங்கிப் பரப்பும். ஆனால் ருசியில் வித்தியாசம் சொல்லும்படி இல்லை. அன்றாடத்துக்கு எவர்சில்வரே சௌகரியம். பித்தளைதான் வேண்டுமென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியதாக வாங்குங்கள். காபியில் அமிலம் உண்டு, வெறும் பித்தளையோடு அது சேரக் கூடாது. பித்தளையை அடுப்பில் காட்டவும் கூடாது, பூச்சு உருகிவிடும். உள்சுவரில் எங்காவது மஞ்சள் தெரிந்தால், மறுபடி வெள்ளீயம் பூசும்வரை அந்த ஃபில்டரை எடுக்காதீர்கள்.