கம்பத்தில் எங்கள் அறக்கட்டளையைப் பதிவு செய்துதந்த ஆடிட்டர் அலுவலகம்

ஜீப்பில் குமுளி மலையேறி ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்துகிறோம். 2024இல் நன்கொடை வாங்க அமைப்பைப் பதிவு செய்யக் கிளம்பினோம். முதலில் போன ஓர் இடத்தில் எதையும் கேட்காமலே பிரிவு 8 கம்பெனி (லாப நோக்கில்லாத கம்பெனி) என்று எழுதிவிட்டார்கள். இங்கே ஆடிட்டர் அக்கா உட்காரவைத்து, "பணம் யார் தரப்போறாங்க?" என்றுதான் ஆரம்பித்தார். சங்கமாகப் பதிய ஏழு பேர் வேண்டும் என்றார். அறக்கட்டளைக்குச் சார்பதிவாளரிடம் பத்திரம் பதிந்தால் போதும். அப்போதைய வருமானவரிச் சட்டப் பிரிவுகளில் 12ஏ பதிவு எங்கள் வரிவிலக்குக்கு, 80ஜி பதிவு நன்கொடை கொடுப்பவருடைய வரிக்கழிவுக்கு. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனால் அந்தக் கழிவு கிடைக்காது என்று ரசீதுப் புத்தகத்திலேயே எழுதவைத்தார். அப்புறம், கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்துக்கு மூன்று வருட வேலையைக் காட்டவேண்டுமாம். வருகைப் பதிவேட்டை அன்றே தொடங்கிவிட்டோம். சனிக்கிழமை மட்டும் அலுவலகத்தில் ஆள் கூட்டம் அதிகம், காத்திருக்க நேரிடும்.