மைக்கேல் மையர்ஸின் கதையை உருப்படியாக முடித்த படம் எது?

1978-ல் ஜான் கார்பென்டர் எடுத்த 'ஹாலோவீன்' பட நாயகி லாரி ஸ்ட்ரோட், முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸின் கணக்கை இரண்டு தடவை தீர்த்திருக்கிறார். 1998-ல் 'ஹெச்20' படத்தில் ஒருமுறை, 2022-ல் 'ஹாலோவீன் எண்ட்ஸ்' படத்தில் இன்னொருமுறை. ஒன்றையொன்று கண்டுகொள்ளாத இரண்டு தனித்தனிக் கதைவழிகள் இவை. இரண்டிலும் லாரியாக நடித்தவர் ஜேமி லீ கர்ட்டிஸ்தான். இரண்டு க்ளைமாக்ஸையும் சொல்லிவிடப் போகிறேன்; பார்க்காதவர்கள் இப்போதே கழன்றுகொள்ளலாம்.

'எண்ட்ஸ்' பிரமாதமாகத்தான் ஆரம்பிக்கிறது. ஒரு சிறுவனைப் பார்த்துக்கொள்ள வந்த கோரி என்ற இளைஞனை, அந்தச் சிறுவனே விளையாட்டாக மேல்மாடி அறையில் வைத்துப் பூட்டிவிடுகிறான். பயந்துபோன கோரி கதவை ஓங்கி உதைக்க, வெளியே நின்ற பையன் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே விழுகிறான். சரியாக அந்த நேரம் பார்த்துப் பெற்றோர் உள்ளே நுழைகிறார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு ஊரே கோரியைக் கொலைகாரனாகப் பார்க்கிறது. தனிப்படமாக வந்திருந்தால் கொண்டாடியிருப்பேன். ஆனால் இது டேவிட் கார்டன் கிரீன் 2018-ல் தொடங்கிய மூன்று படங்களில் கடைசிப் படம். லாரியும் மைக்கேலும் மோதுவதைப் பார்க்க வந்தவர்களுக்கு, கோரியும் லாரியின் பேத்தியும் காதலிக்கும் கதைதான் கிடைக்கிறது. மைக்கேலோ பாதிப் படம் சாக்கடைக் குழாய்க்குள் முடங்கிக் கிடக்கிறான்.

அதைவிடப் பெரிய ஓட்டை லாரிதான். 2018 படத்தில் மைக்கேல் மனநல மருத்துவமனையில் அடைபட்டிருந்தபோதே வீட்டைக் கோட்டையாக்கித் துப்பாக்கியோடு காத்திருந்தவர். இப்போது மகளையே அவன் கொன்றுவிட்டான், ஆளும் பிடிபடவில்லை. இவரோ நிம்மதியாகச் சுயசரிதை எழுதிக்கொண்டு பலகாரம் சுடுகிறார்!

'ஹெச்20' லாரியை அப்படியே நம்பலாம். பெயரை மாற்றிக்கொண்டு கலிஃபோர்னியாவில் ஓர் உறைவிடப் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக இருக்கிறார். குடிக்கிறார், மகனை வெளியே விட மறுக்கிறார். மைக்கேல் வந்ததும் மகனைத் தப்பவைத்துவிட்டு, கோடரியோடு திரும்பி நடந்து அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார் பாருங்கள், பழைய தீம் இசையோடு, அந்த ஒரு இடத்துக்கே படம் தகும். குறை இல்லாமல் இல்லை. மைக்கேலின் முகமூடி காட்சிக்குக் காட்சி மாறுகிறது. ஓரிடத்தில் அது கிராஃபிக்ஸ் என்று பளிச்சென்று தெரிகிறது.

சாகடிப்பதில் 'எண்ட்ஸ்' எதையும் பாக்கி வைக்கவில்லை. சமையலறை மேஜையில் கத்தியால் குத்திப் பிணைத்து, கழுத்தை அறுத்து, ஊர்வலமாகக் கொண்டுபோய்ப் பழைய இரும்புக் கடை அரவை எந்திரத்தில் போடுகிறார்கள். திரும்பி வரவே வழியில்லை. ஆனால் சடங்கு பார்த்த மாதிரி இருக்கிறதே தவிர நெஞ்சு பதறவில்லை. 'ஹெச்20'-ல் வேனுக்கும் மரத்துக்கும் நடுவே நசுங்கிக் கிடப்பவன் கையை நீட்டுகிறான். லாரியும் ஒரு கணம் கையை நீட்டுகிறார், அப்புறம் கோடரி. அதோடு படம் முடிகிறது.

நேரக் கணக்கும் 'ஹெச்20' பக்கம்தான். 1978 படம், அதன் தொடர்ச்சியாக 1981-ல் வந்த 'ஹாலோவீன் 2', 1998-ன் 'ஹெச்20' மூன்றும் சேர்ந்து நாலரை மணி நேரம். 'எண்ட்ஸ்' வழியில் போனால் 1978 படமும் கிரீனின் மூன்றுமாக நான்கு படங்கள், ஏழு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. 'ஹெச்20' பார்த்த கையோடு 2002-ல் வந்த 'ரெசரக்ஷன்' பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். லாரி வெட்டியது வேறு யாரோ ஓர் ஆம்புலன்ஸ் ஊழியரைத்தானாம். தொடக்கத்திலேயே லாரியையும் கொன்றுவிடுகிறார்கள்.