வாசல் சட்டத்தில் இடிக்காத துப்பாக்கி: சார் 21 குறித்து ஒரு ரிசர்விஸ்டின் மதிப்பீடு

சென்ற முறை ரிசர்விஸ்ட் (கட்டாய ராணுவ சேவை முடித்தவர்களை மீண்டும் அழைக்கும்) பயிற்சி முகாமிலிருந்து திரும்பிய வாரயிறுதியில், அம்மாவின் துடைப்பக் கட்டையில் 80.5 சென்டிமீட்டரிலும் 99 சென்டிமீட்டரிலும் இரண்டு கோடுகள் போட்டு, அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் சமையலறைக்கும் இரும்புக் கதவு போட்ட சேமிப்பறைக்கும் நடுவே திரும்பிப் பார்த்தேன். முதல் கோடு சிங்கப்பூர் ராணுவத்தின் சார் 21 துப்பாக்கியின் மொத்த நீளம். இரண்டாவது, அதற்கு முன் இங்கே புழக்கத்தில் இருந்த எம்16எஸ்1 துப்பாக்கியின் நீளம். நீளமான அளவு குளிர்சாதனப் பெட்டியில் இடித்தது. குட்டையானது சிரமமின்றித் திரும்பியது. "வீட்டுக்குள்ள என்னடா பரேடு?" என்று அம்மா கட்டையைப் பிடுங்கிக்கொண்டதோடு என் ஆய்வு முடிந்தது என்றாலும், அறை அறையாகச் சென்று கட்டடத்தைக் கைப்பற்றும் பயிற்சிக்கு இந்தத் துப்பாக்கி எவ்வளவு பொருந்துகிறது என்ற கேள்விக்குப் பாதி விடை அந்தப் 18.5 சென்டிமீட்டரில் இருக்கிறது.

இது கடையில் பார்த்து வாங்கும் பொருள் அன்று. துப்பாக்கிக் குற்றங்களுக்கு 1973ஆம் ஆண்டுச் சட்டம் மரண தண்டனை வரை விதிக்கும் ஊரில், நம்மில் பெரும்பாலோர் துப்பாக்கியைத் தொடுவது ஆர்ம்ஸ்கோட் என்னும் முகாமின் ஆயுத அறை வாசலில் வரிசையில் நின்று, எண்ணைச் சரிபார்த்து, கையெழுத்துப் போட்டு வாங்கும்போதுதான். ஆகவே தேர்வு நம்முடையது அன்று. ஆனால் ஆண்டுக்கணக்கில் அதைத் தூக்கியவனுக்கு ஒரு கருத்து இருக்கக்கூடாது என்றும் இல்லை. (பெயரைத் தமிழில் எழுதினால் யாரோ மேலதிகாரியை மரியாதையாக அழைப்பதுபோல் இருக்கிறது, என்ன செய்வது, எல்லாரும் சொல்வது அப்படித்தான்.)

சார்ட்டர்ட் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனம் உருவாக்கி 1999இல் வெளியிட்ட சார் 21, 'புல்பப்' வகையைச் சேர்ந்தது. அதாவது தோட்டா வெடிக்கும் அறையும், தோட்டாக்கள் அடங்கிய பெட்டியான மேகசினும் விசைக்குப் பின்னால், கன்னத்துக்கு அடியில், தோளில் பதியும் கட்டைக்குள்ளேயே அமைந்திருக்கும். வெறும் கட்டையாக வீணாகும் இடத்தை இயந்திரம் எடுத்துக்கொள்வதால், குழலை வெட்டாமலேயே துப்பாக்கி குட்டையாகிவிடுகிறது. அமெரிக்க எம்4 துப்பாக்கியின் கட்டையை முழுதாக நீட்டினால் ஏறத்தாழ 84 சென்டிமீட்டர் வரும். அதன் குழல் 37 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. சார் 21 அதைவிடக் குட்டை, ஆனால் குழல் 50.8 சென்டிமீட்டர், பழைய எம்16எஸ்1 துப்பாக்கியின் குழலுக்குச் சமம். 5.56 மில்லிமீட்டர் தோட்டா தன் வேலையைச் செய்வது வேகத்தால். குழல் குறுகினால் வேகம் குறையும், குழல்வாயில் எழும் நெருப்பும் ஓசையும் கூடும். நான்கு சுவருக்குள் அந்த ஓசை என்ன செய்யும் என்பதை, வெற்றுத் தோட்டா சுட்ட பயிற்சியில்கூடக் காது அடைத்துப்போய் நின்றவர்கள் அறிவார்கள்.

முராய் நகர்ப்புறப் பயிற்சி வளாகத்தின் படிக்கட்டுகளில்தான் இந்த அமைப்பின் அருமை எனக்குப் புரிந்தது. முன்னால் நால்வர், பின்னால் நால்வர், தரையில் தண்ணீர், முதுகில் பையின் கனம் என்ற நிலையில் படித்திருப்பத்தில் துப்பாக்கியைத் திருப்பும்போது, எடை முழுவதும் உடலோடு ஒட்டி இருப்பதால் முன்முனை தொங்குவதில்லை. ஒரு கை கதவைத் தள்ளப் போனாலும் மற்றக் கையால் தாங்க முடிகிறது. ஒருமுறை மட்டும் வாசல் சட்டத்தில் முனையை நங்கென்று இடித்தேன். குற்றம் துப்பாக்கியுடையது அன்று, அவசரப்பட்ட என்னுடையது, "வீட்டுக்காரருக்கு பெல் அடிச்சிட்டியா?" என்று சார்ஜெண்ட் கேட்டது இன்னும் எங்கள் பிரிவில் நகைச்சுவையாக உலவுகிறது.

இனி குறைகள். வெறுந்துப்பாக்கியே 3.82 கிலோ, எம்16 வகை மூன்று கிலோவுக்குள் அடங்கியது. குட்டையானது இலேசாக இருக்கும் என்று எண்ணி முதல்முறை தூக்குபவர் ஏமாந்துபோவார். வெடிப்பறை பழுதுபட்டு வெடித்தால் கன்னத்தைக் காக்க உள்ளே ஒரு கெவ்லார் தகடும், அழுத்தத்தை வெளியேற்றத் துளையும் வைத்திருக்கிறார்கள். பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருளில் அந்த முன்யோசனையைப் பாராட்டத்தான் வேண்டும். மேகசின் மாற்றுவதுதான் எனக்குத் தீராத தொல்லை. மார்புக் கவசம் அணிந்திருக்கும்போது அது ஏறக்குறைய அக்குளுக்கு அருகே வந்துவிடுகிறது. இருட்டில் முழங்கை மடங்க இடமில்லாமல் தடவிக்கொண்டு நிற்கவேண்டியிருக்கிறது. 30 தோட்டா மேகசின் உள்ளே இருப்பது தெரியும்படியான பிளாஸ்டிக்கால் ஆனது என்பது ஒரு ஆறுதல். கட்டையின் நீளத்தை மாற்ற வழியில்லை. உயரம் குறைந்தவர் கவசத்தின்மேல் வைத்துக் கண்ணைக் குறிநோக்கிக்குக் கொண்டுவர கழுத்தை நீட்டவேண்டும்.

மேலேயுள்ள தூக்கும் கைப்பிடிக்குள் பொதிந்த, 1.5 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் குறிநோக்கி, திடலில் சுடுவதற்கு அருமையானது. அறைக்குள் அப்படிச் சொல்லமாட்டேன். அது குழலுக்கு வெகு மேலே அமர்ந்திருப்பதால், நான்கைந்து மீட்டரில் நாம் பார்க்கும் இடத்துக்குக் கீழேதான் தோட்டா படும் என்பதை நினைவில் வைத்திருக்கவேண்டும். உருப்பெருக்கம் இருப்பதால் இரண்டு கண்ணையும் திறந்து பார்ப்பதும் பழக்கத்தால்தான் வரும். முன்பகுதியிலேயே பொருத்தப்பட்ட லேசர் குறிகாட்டி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது, அதுவும் இருட்டில். வெயில் அடிக்கும் சன்னலோரத்தில் அந்தச் சிவப்புப் புள்ளியைத் தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

அறைக்குள் சண்டையிட ஜெர்மானிய எம்பி5 போன்ற குட்டை இயந்திரத் துப்பாக்கியே மேல் என்று வாதிடுபவர்கள் உண்டு. 1980இல் லண்டனின் ஈரானியத் தூதரக மீட்பில் அது பெற்ற புகழ் இன்னும் தேயவில்லை. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடுவதால் உதைப்பும் குறைவு. பெல்ஜியத்தின் பி90, ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளத்தில் 50 தோட்டாக்களை அடக்கிவிடுகிறது. ஆனால் அவை அறைக்குள் புகுவதையே தொழிலாகக் கொண்ட சிறு குழுக்களுக்கு உரியவை. காலையில் ரப்பர் காட்டைக் கடந்து, திறந்த சாலையின் மறுபக்கத்தைக் கண்காணித்து, மாலையில் மூன்றாம் மாடிக்கு ஏறும் காலாட்படையாளுக்கு இரண்டு துப்பாக்கி தரமாட்டார்கள். ஒன்றே எல்லாவற்றுக்கும் என்றால், முழுக்குழலைக் கைவிடாத புல்பப்தான் நான் கேட்டு வாங்கக்கூடியதும்.

என் பக்கத்துப் படுக்கைக்காரர் மட்டும் இந்த மதிப்பீட்டுக்கு உடன்படமாட்டார். அவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். சுட்டபின் வெளியேறும் வெற்றுறைகள் வலப்பக்கம், முகத்துக்கு வெகு அருகே தெறிப்பதால், அவர் வலத்தோளில் சுடவே பழகிக்கொண்டார். இடப்பக்க மூலையை எட்டிப் பார்க்கையில் வலத்தோளில் சுடுபவர் உடலில் பாதியை வெளியே காட்டவேண்டியிருக்கிறது. மற்றத் துப்பாக்கிகளில் தோளை மாற்றிக்கொள்ளலாம், இதில் மாற்றினால் சூடான வெற்றுறை முகத்துக்கு அருகே தெறிக்கும். பின்னர் வந்த பிஆர்18 என்னும் புல்பப் துப்பாக்கி இருகைக்கும் ஏற்றபடி அமைக்கப்பட்டது என்று படித்ததிலிருந்து, "அண்ணே, அது நமக்கு எப்போ வரும்?" என்று ஒவ்வொரு முறையும் ஆர்ம்ஸ்கோட்காரரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.