இடைமுகம் மாறும்போது ஃபயர்வால் என்ன செய்கிறது: ஃபயர்வால்டி ஒரு மதிப்பீடு

லினக்ஸில் ஃபயர்வால் விதிகளை ஷெல் ஸ்கிரிப்டாக எழுதி, கணினி துவங்கும்போது ஒருமுறை இயக்கிவிட்டு மறந்துவிடுவது பலரின் நெடுநாள் வழக்கம். ஒரே கேபிளில் காலம் தள்ளும் கணினிக்கு அது போதும். கேபிள், வைஃபை, விபிஎன் என்று மாறிக்கொண்டேயிருக்கும் மடிக்கணினிக்குப் போதாது. இந்தக் குறையைத் தீர்க்கும் நோக்கில் வந்த ஃபயர்வால்டி (firewalld) என்ற ஃபயர்வால் மேலாண்மைச் சேவை, 2013இல் வெளியான ஃபெடோரா 18 முதல் அந்த இயங்குதளத்துடனேயே வருகிறது.

பழைய ஸ்கிரிப்டுகள் தடுக்கிவிழும் இடங்களை முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸின் பழைய ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸ், இடைமுகத்தை, அதாவது கணினி வலையோடு இணையும் வாயிலை, பெயரால் அடையாளம் காண்பதால், இணைப்பு ஏற்படும்போது மட்டும் தோன்றும் பிபிபி0 இன்னும் உருவாகாத நிலையிலும் அதற்கான விதியைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வெளியேறும் பாக்கெட்டுகளின் அனுப்புநர் முகவரியை மாற்றும் எஸ்நாட் விதியில் ஐபி முகவரியை நிலையாக எழுதியிருந்தால், இணைப்பு அறுந்து புதிய முகவரியுடன் திரும்பிய பிறகும் பாக்கெட்டுகள் பழைய முகவரியோடுதான் வெளியேறும். இடைமுகத்தின் அப்போதைய முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும் மாஸ்கரேட் இதற்காகவே இருக்கிறது. ஐபிடேபிள்ஸுக்குப் பின்வந்த என்எஃப்டேபிள்ஸில் உள்ள பொறி இன்னும் நுட்பமானது: 'ஐஐஎஃப்' என்று எழுதினால் விதி ஏற்றப்படும் நேரத்தில் இடைமுகத்தின் எண் பதிவாகிறது, வயர்கார்டு என்ற விபிஎன்னின் இடைமுகத்தை நீக்கி மீண்டும் உருவாக்கினால் எண் மாறிவிடும், விதியோ எந்தப் பிழைச்செய்தியும் தராமல் செயலற்றுப்போகும். 'ஐஐஎஃப்நேம்' என்று எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபயர்வால்டி உருவாக்கும் விதிகளைத் திறந்து பார்த்தால், அவை பெயரையே ஒப்பிடுவதைக் காணலாம். அதைவிட மதிப்புள்ளது அதன் மண்டல ஏற்பாடு: எவ்வளவு நம்பலாம் என்பதற்கேற்ப விதிகளைத் தொகுத்துப் பெயரிட்டு, இடைமுகங்களை அவற்றில் சேர்ப்பது. வீட்டு வைஃபைக்கு 'ஹோம்' என்றும் ரயில்நிலைய வைஃபைக்கு 'பப்ளிக்' என்றும் இணைப்புக் குறிப்பிலேயே எழுதி வைத்துவிட்டால், இணைப்பு உயிர்பெறும்போது இணைப்புகளை நிர்வகிக்கும் நெட்வொர்க்மேனேஜர், நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் டி-பஸ் வழியாகத் தகவல் சொல்ல, அதே இடைமுகம் உரிய மண்டலத்துக்கு நகர்த்தப்படுகிறது. ஸ்கிரிப்டை மறுபடி இயக்க வேண்டியதில்லை. விதிகளைத் துடைத்துவிட்டு மீண்டும் ஏற்றும் இடைவெளியில் கதவு திறந்துகிடக்கும் ஆபத்தும் இல்லை.

குறை எங்கே என்றால், யாரும் மண்டலம் குறிப்பிடாத இடைமுகங்களில். ஓபன்விபிஎன் சேவை தானாக எழுப்பும் டன்0 போன்றவை இயல்பிருப்பு மண்டலத்தின் விதிகளுக்குள் வந்துவிடும். ஃபெடோரா வொர்க்ஸ்டேஷனில் அந்த மண்டலம் 1025 முதல் 65535 வரையிலான போர்ட்டுகளைத் திறந்தே வைத்திருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. எனக்கு இது தாராளத்தின் எல்லையைத் தாண்டியதாகவே படுகிறது. இயல்பிருப்பை 'பப்ளிக்' என மாற்றிவிட்டு, விபிஎன் இடைமுகத்தின் பெயரை உரிய மண்டலத்தில் நிரந்தரமாகச் சேர்ப்பது நல்லது. 'பெர்மனென்ட்' என்று சொல்லாமல் திறந்த போர்ட் ரீலோடு செய்ததும் மூடிக்கொள்வதும், அப்படிச் சொல்லித் திறந்தது ரீலோடு செய்யும்வரை நடைமுறைக்கு வராததும் புதியவர்களை நிச்சயம் குழப்பும்.

மடிக்கணினிக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். இடைமுகங்கள் மாறாத சர்வருக்கு இத்தனை ஏற்பாடு தேவையில்லை. 'ஐஐஎஃப்நேம்' கொண்டு எழுதிய ஒரே என்எஃப்டேபிள்ஸ் கோப்பு, முழுவதும் ஒரே வீச்சில் ஏற்றப்படுவதால், அங்கே தாராளமாகப் போதும்.