மாவு மூட்டையா, சூத்திரமா, மூட்டா?

தரையில் மோதும் பந்து அப்பளமாய்த் தட்டையாகிறது, எழும்பும்போது நீள்கிறது. டிஸ்னியின் மூத்த கலைஞர்கள் பிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் தொகுத்து வெளியிட்ட 12 அனிமேஷன் கொள்கைகளில் இந்த ஸ்குவாஷ்-ஸ்ட்ரெச்சுக்கே முதலிடம். செய்யும் வழிகளோ பல. அவற்றில் மூன்றை இங்கே மோத விடுகிறேன்.

பென்சில்காரர்களின் பால பாடம், பாதி நிரம்பிய மாவு மூட்டை. தொப்பென்று போட்டால் அகன்று உட்காரும்; முனையைப் பிடித்துத் தூக்கினால் இழுபட்டுத் தொங்கும். உள்ளிருக்கும் மாவு மட்டும் கூடாது, குறையாது. கையால் வரையும்போது ஒரு பக்கத்தை மட்டும் பிதுங்க வைக்கலாம், மறுபக்கத்தை விறைப்பாக விடலாம். ஆனால் நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்). ஒரே படத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தினாலும் 12 படம் வரைய வேண்டும். நடுவில் ஒரு படம் சற்றே பெருத்தாலும் பந்து பலூனாகிவிடும்.

கணினியில் அந்தப் பயம் இல்லை. உயரத்தை 1.44 மடங்காக்கினால் அகலத்தையும் ஆழத்தையும் 1.2ஆல் வகுத்தால் போதும், கன அளவு மாறாது. இதை ரிக்கில், அதாவது உருவத்தை அசைக்கும் கணினி எலும்புக்கூட்டில், ஒருமுறை சூத்திரமாக எழுதிவிட்டால் எந்தச் சட்டகத்திலும் கணக்குத் தப்பாது. ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே சீராக நசுங்கும் உடம்பில் எலும்பு எங்கே, சதை எங்கே? ரப்பர் பொம்மைதான் மிஞ்சும். வேகமாகப் பாயும் உருவத்தின் அடுத்தடுத்த படங்களுக்கு நடுவே விழும் இடைவெளியைப் பென்சில்காரர் உருவத்தை நீட்டி மூடுவார். கணினி அசைவு மங்கலை, அதாவது வேகத்தில் உருவம் கலங்கித் தெரிவதை, கணக்கிட்டே அதைச் சமாளித்துவிடும். அதற்காக மட்டும் நீட்டுகிறீர்கள் என்றால், கணினியில் அந்த உழைப்பு பெரும்பாலும் வீண்.

என் மனம் சாய்வது மூன்றாவது வழியில். பிக்ஸாரில் ஜான் லாசெட்டர் 1986இல் இயக்கிய 'லக்ஸோ ஜூனியர்' குறும்படத்தின் நாயகன் ஒரு மேசை விளக்கு. விளக்கின் பாகம் எதுவும் நசுங்குவதில்லை. குதிக்கும் முன் மூட்டுகளை மடக்கிக் குறுகுகிறது; பாயும்போது நிமிர்ந்து நீள்கிறது. ஸ்குவாஷுக்கு உருவம் சிதைய வேண்டியதில்லை, மடங்கினாலே போதும் என்று லாசெட்டரே 1987இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். நசுங்காத இரும்பு நசுங்காமலே குட்டிப்பையனாகத் துள்ளுகிறது. ரப்பர் வயிறுகள் பத்து சேர்ந்தாலும் எனக்கு இந்த நிறைவு கிடைப்பதில்லை.

சிக்கனமும் இதில்தான். முட்டியும் முதுகும் சரியாக மடங்கும் கதாபாத்திரத்துக்குத் தோலை இழுக்கும் வேலை பெரிதாக இருக்காது. ரோபோ, பூச்சி, நாற்காலி என்றால் வேறு வழியை யோசிக்கவே வேண்டாம்.

முகம் மட்டும் விதிவிலக்கு. சிரிக்கும்போது கன்னம் மேலேறிக் கீழிமையைத் தள்ள வேண்டும். அங்கே மடக்க மூட்டு ஏது? மாவு மூட்டையிடம்தான் திரும்பிப் போக வேண்டும்.