டிராம்போன் படிக்கப் பணம் கட்டும் முன், பாடம் எடுப்பது யார் என்று கேளுங்கள்

அமெரிக்காவில் நிறைய வீடுகளில் இப்போது கல்லூரிப் பேச்சுதான். பெரும்பாலான கல்லூரிகளில் சேர்வதை உறுதி செய்ய மே 1 கெடு. உங்கள் பிள்ளை டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், டியூபா என்று பிராஸ் வாத்தியம் (உதட்டை வைத்து ஊதும் பித்தளை வாத்தியம்) படிக்கப் போகிறது என்றால், பணம் கட்டுவதற்கு முன் எங்களுக்கு நடந்ததை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

நாங்கள் டல்லாஸ் பக்கம் இருக்கிறோம். டெக்சாஸில் ஆறாம் வகுப்பிலேயே பேண்ட், அதாவது பள்ளி வாத்தியக் குழு, தொடங்கிவிடும். அப்போது கையில் எடுத்த டிராம்போனை என் மகன் கீழே வைக்கவே இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில், சான் அன்டோனியோவில் மாநில அளவிலான பேண்டில் வாசித்தான். அதைப் பார்த்த பிறகு இசைப் படிப்பு வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனைவிக்கும் வாய் வரவில்லை.

வெளிமாநிலத்தில் ஒரு தனியார் கல்லூரி. விடுதியோடு வருடம் 76,000 டாலர். அதில் 34,000 ஸ்காலர்ஷிப். அந்த 34,000-ஐத்தான் பார்த்தோம், மீதி 42,000-ஐ நான்கால் பெருக்கிப் பார்க்கவில்லை. இரண்டாம் வருடம் கட்டணம் ஏறியது, ஸ்காலர்ஷிப் ஏறவில்லை. உயர்வு முழுக்க எங்கள் தலையில்.

பணத்தையாவது விடலாம். அவன் அங்கே போனது ஒரே ஒரு ஆசிரியருக்காக. கல்லூரிக் கையேட்டின் முதல் பக்கத்தில் அவர் படம். பிராஸ் படிப்புக்கு வாரம் ஒரு மணி நேரத் தனிப்பாடம்தான் உயிர். மூச்சு எங்கே உடைகிறது, உதடு எப்போது சோர்கிறது, ஸ்லைடு (டிராம்போனில் முன்னும் பின்னும் நகர்த்தும் குழாய்) எந்த இடத்தில் பிந்துகிறது என்பதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்குத்தான் தெரியும். முதல் செமஸ்டரில் அவர் வந்தது நான்கே முறை. மற்ற வாரங்களில் முதுகலை மாணவர் ஒருவர் பாடம் எடுத்தார். அவர் மேல் குறையில்லை, அக்கறையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் எங்களிடம் சொன்னது வேறு. அலுவலகத்தில் கேட்டால், "எல்லாம் சாரின் வழிகாட்டலில்தான் நடக்கிறது" என்றார்கள்.

அப்புறம் இடம். சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் டிராம்போனுக்கு வழக்கமாக மூன்று நாற்காலிதான், டியூபாவுக்கு ஒன்று. அந்தக் கல்லூரியில் 14 டிராம்போன் மாணவர்கள். முதுகலைக்காரர்களுக்கே முதல் உரிமை. இரண்டு வருடத்தில் என் மகனுக்கு ஆர்க்கெஸ்ட்ராவில் கிடைத்தது ஒரே ஒரு கச்சேரி. "அப்பா, மத்தவங்க வாசிக்கிறதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்று போனில் சொன்னான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

படித்து முடித்தாலும் இந்த நாற்காலிகள் லேசில் காலியாவதில்லை. சிகாகோ சிம்பொனியில் ஆர்னால்ட் ஜேக்கப்ஸ் என்ற டியூபா கலைஞர் 1944 முதல் 1988 வரை இருந்தார். இதை யோசித்தால் இளங்கலைக்கே பெரிய கடன் வாங்க மனம் வராது. பிலடெல்பியாவில் உள்ள கர்ட்டிஸ் இசைக் கல்லூரியில் 1928 முதல் கல்விக் கட்டணமே இல்லை. யேல் இசைப்பள்ளியில் முதுகலைக்குக் கட்டணம் கிடையாது. இடங்கள் மிகக் குறைவு, ஆனாலும் ஆடிஷன் கொடுத்துப் பார்க்கலாம்.

சேரும் முன் அந்த ஆசிரியரிடமே ஒரு மாதிரிப் பாடம் கேளுங்கள். செமஸ்டரில் எத்தனை வாரம் அவரே எடுப்பார் என்று மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். பெற்றோர் இல்லாத நேரத்தில் இரண்டாம் வருட மாணவர்களோடு பிள்ளையைத் தனியாகப் பேசவிடுங்கள்.

மகன் இப்போது டெக்சாஸிலேயே ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டான். சில பாடங்கள் கணக்கில் ஏறாததால் ஒரு வருடம் கூடுதல். செலவு பாதிக்கும் கீழே. வாராவாரம் பேராசிரியரே பாடம் எடுக்கிறார். பழைய கல்லூரிக்காக வாங்கிய கடனை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம்.